டெல்லியில் நாலு மஞ்சள் சேலைகள்

நாலு பேரும் ஒரே மாதிரிச் சேலை கட்டிக்கொள்ளலாம் என்று சொன்னது நான்தான். எங்கள் பக்கத்தில் கூட்டமாக ஊர் போகிறவர்கள் செய்கிற காரியம்தான் அது. பழனிக்கு நடக்கிறவர்கள் பச்சை கட்டுவார்கள், அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் சிவப்பு கட்டுவார்கள். கூட்டத்தில் ஒருத்தி பிரிந்துபோனாலும் நிறத்தை வைத்துப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. சின்னாளபட்டிக்குப் போய், மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட சுங்குடிச் சேலை நாலு எடுத்துக்கொண்டு வந்தேன்.

"என்ன மதினி, டெல்லிக்குப் போறமா, தீச்சட்டி எடுக்கப் போறமா?" என்று பூக்கடைக்காரி கேட்டாள்.

"தொலைஞ்சு போனேன்னா தெரியும்" என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். என் பேச்சுக்கு அவர்கள் மூவரும் கட்டுப்படுவார்கள். முப்பது வருஷம் ஓர் அரசு அலுவலகத்தில் ஆட்களை வரிசையில் நிற்க வைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குணம் ஓய்வு பெறவில்லை.

எங்கள் சிநேகம் பஸ்ஸில் உண்டானது. தாடிக்கொம்பு வழியாகத் திண்டுக்கல்லுக்குக் காலையில் வரும் டவுன் பஸ். நான் அலுவலகத்துக்கு, டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு, பூக்கடைக்காரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தன் கடைக்கு. அகரத்தக்கா எங்களுக்கு முந்தின ஊரான அகரத்திலேயே ஏறிவிடுவாள். அவள் தோட்டத்து மல்லிகைதான் பூக்கடைக்காரியின் கடைக்குப் போகும். பூப்பைகளைப் பரத்தி வைத்து எங்கள் மூன்று பேருக்கும் இடம் பிடித்து வைத்திருப்பாள். கண்டக்டர் எவ்வளவு கத்தினாலும் பையை எடுக்கமாட்டாள். அதற்குப் பதிலாக டிக்கெட் எடுப்பது என் பொறுப்பு. நாலு டிக்கெட்டும் என் கையில்தான் இருக்கும். இறங்குகிறவரைக்கும் ஒருத்தியிடமும் கொடுக்கமாட்டேன், கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான் வழக்கம்.

அகரத்தக்காவுக்கு ஒரே பையன். படித்துவிட்டு டெல்லியில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் சம்பளம் வாங்கிய முதல் மாதத்தில் பஸ்ஸில் எங்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தாள். இரண்டு வருஷம் அங்கே இருந்தான். அப்புறம் ஒரு காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் போனில் சொல்லியிருக்கிறான். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் வீட்டுக்காரர் ஒரு சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு விமானத்தில் போய், மதுரை வரைக்கும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அவள் போகவில்லை. போக விடவில்லை என்பதுதான் சரி.

அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது நாங்கள் மூவரும் எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். பையன் பேச்சை எடுக்கக் கூடாது, டெல்லி என்ற வார்த்தையே அவள் காதில் விழக் கூடாது. வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் அப்படியே காப்பாற்றினோம். பையன்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே பூக்கடைக்காரி மல்லிகை விலையைப் பற்றிக் கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். அகரத்தக்காவும் பூ விலையைச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்வாள்.

டீச்சர் ஓய்வு பெற்றதும் டெல்லியைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். குத்துப் மினாரைப் பற்றி முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறாள், ஒருநாளும் பார்த்ததில்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும் ரகசியமாகப் போய் வருவதாகத்தான் திட்டம். அகரத்தக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஓய்வுக்குப் பிறகும் டவுனுக்குப் போக நாங்கள் ஏறுவது அதே பஸ்தான். ஒருநாள் அதில், பூப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "நானும் வாரேன்" என்றாள்.

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"அக்கா, நாம மைசூரு போவமா? அரண்மனை இருக்கு, ரொம்ப அழகா இருக்கும்" என்றாள் டீச்சர்.

"டெல்லிக்குன்னா வாரேன்."

அவள் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்க நானே அகரம் போனேன். மாட்டைக் கட்டிவிட்டுக் கைகழுவிக்கொண்டு வந்தவர், நின்றபடியே கேட்டார். "அந்த ஊருக்கா?" என்றார். அப்புறம், "ஒங்கள நம்பித்தாம்மா அனுப்புறேன். அவ இம்புட்டுத் தூரம் போனதில்ல. போன மாதிரியே கூட்டியாந்து விட்ரணும்" என்றார்.

"நானாச்சு அண்ணே" என்றேன். இந்த வார்த்தையைச் சொல்லுவதற்கு முன்னால் ஒரு விநாடி யோசித்திருக்கலாம்.

ரயிலில் போகும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. புளியோதரை, எள்ளுப்பொடி இட்லி, முறுக்கு என்று ஒரு கல்யாண வீட்டுக்குப் போதுமான பண்டம் எங்களிடம் இருந்தது. டீச்சர் ஒரு காலத்தில் இந்திப் பரீட்சை எழுதிப் பாஸானவள். "டெல்லியில நான் பாத்துக்குறேன், நீங்க யாரும் வாயத் தொறக்க வேணாம்" என்று நாக்பூர் தாண்டியதிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். டெல்லி ஸ்டேஷனில் ஆட்டோக்காரனிடம் அவள் பேசிய இந்தியைக் கேட்டுவிட்டு அவன் அவளிடம் ஆங்கிலத்தில் பேசினான். பூக்கடைக்காரி சிரித்த சிரிப்பில் முறுக்குப் பையைக் கீழே போட்டுவிட்டாள். அகரத்தக்காகூடச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து, நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் தங்கிய லாட்ஜின் மேனேஜர், கூட்டத்தில் போனைப் பறித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்று எச்சரித்தார். உடனே அகரத்தக்காவின் பட்டன் போனை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவளிடமிருந்த சில்லறைப் பர்ஸையும் வாங்கிக்கொண்டேன். "எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கும், நீங்க கைய வீசிக்கிட்டு வாங்க" என்றேன். அவள் எதையும் மறுக்கவில்லை.

முதல் நாள் இந்தியா கேட் பார்த்தோம். பனியில் அது பாதிதான் தெரிந்தது. சுவெட்டருக்கு மேல் மஞ்சள் சேலை முந்தானையைப் போர்த்திக்கொண்டு நாலு பேரும் படம் எடுத்தோம். அகரத்தக்கா எதையும் ஆசையாகப் பார்த்த மாதிரி தெரியவில்லை. செங்கோட்டைக்குப் போக ஆட்டோ பேசிக்கொண்டிருந்தபோது மட்டும், "பூமிக்கு அடியில ஒரு ரயிலு ஓடுமாமே, அதுல போவம்" என்றாள்.

அவளாக வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மெட்ரோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் காகிதச் சீட்டு நாலு வாங்கினேன். சீட்டை மெஷினில் காட்டினால் கதவு திறக்கும், உள்ளே போகும்போதும் காட்ட வேண்டும், வெளியே வரும்போதும் காட்ட வேண்டும். வழக்கம்போல நானே ஒவ்வொருத்தியாக விட்டுக் காட்டிவிட்டு, நாலையும் என் பையில் வைத்துக்கொண்டேன்.

ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, கூரையைப் பார்த்தபடியே நின்றாள். ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் ஒரு பெண் குரல் இந்தியில் ஏதோ சொல்லும். அப்போதெல்லாம் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல எனக்குப் பட்டது. பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"உக்காருங்கக்கா, ஒண்ணும் ஆகாது."

"இருக்கட்டும் தாயி."

இறங்கும்போது அவள் முகம் வாடியிருந்தது. களைப்பு என்று நினைத்தேன். எதற்கும் ஒரு காரணத்தை நானே வைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் குத்துப் மினார் கிளம்பினோம். அதற்கு வேறு பாதையில் போகும் மெட்ரோ. முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும் என்று டீச்சர் படித்துச் சொன்னாள். ஏறினால், உள்ளே பத்துப் பன்னிரண்டு மஞ்சள் சேலைகள்! நம் ஊர்க்காரர்களேதான். சேலம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் காசிக்குப் போகிற வழியில் டெல்லி பார்க்க வந்து, ஆசைக்கு மெட்ரோ ஏறிய கூட்டம். எங்கள் மஞ்சளுக்கும் அவர்கள் மஞ்சளுக்கும் கிட்டத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

"ஏனுங்க, நீங்களும் நம்ம பஸ்ஸுங்களா?" என்று அதில் ஓர் அம்மா என்னைக் கேட்டாள்.

பூக்கடைக்காரிக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. அந்த ஊர்ப் பூ விலை, இந்த ஊர்ப் பூ விலை என்று ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் ஓர் இளம் பெண்ணுக்குக் குத்துப் மினார் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் பேச்சில் கலந்துகொண்டேன். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தமிழ் கேட்டால் யாருக்குத்தான் வாய் ஊறாது? நடுவில் ஒரு ஸ்டேஷன் வந்தது. அந்த மஞ்சள் சேலைகளெல்லாம் கூச்சலோடு இறங்கின. "போயிட்டு வாரோமுங்க" என்று கை காட்டினார்கள். கதவு மூடியது.

"அக்கா எங்க?" என்றாள் டீச்சர்.

நான் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் மஞ்சள் முதுகுகள் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒன்று அகரத்தக்காவுடைய முதுகு என்று மட்டும் தெரிந்தது. எது என்று சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கையால் அடித்தேன். ரயில் கிளம்பிவிட்டது.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர் வண்டி பிடித்து, திரும்பி வந்தோம். பிளாட்பாரம் முழுக்கத் தேடினோம். அவள் இல்லை. மஞ்சள் சேலையைப் பார்த்து நம்மவர்கள் என்று அந்தக் கூட்டத்தோடு போய்விட்டாள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. தொலையாமல் இருக்கக் கட்டிய சேலையாலேயே தொலைந்துவிட்டாள். கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் அவள் போன் என் பைக்குள் இருக்கிறது. பர்ஸ் என் பைக்குள் இருக்கிறது. லாட்ஜ் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. கையை வீசிக்கொண்டு வரச் சொன்னவள் நான்.

டீச்சர் ஒரு ஊழியரிடம் ஓடினாள். "பீலா சாடி, பீலா சாடி" என்று தன் முந்தானையைத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் சேலை என்று அவன் புரிந்துகொண்டான். வெளியே போகும் வழியைக் கைகாட்டி, பஸ் என்றான். மூன்று பேரும் ஓடினோம். கதவு மெஷினில் காட்டப் பையிலிருந்து சீட்டுகளை எடுத்தபோது நாலு இருந்தது. மூன்றைக் காட்டிவிட்டு நாலாவதைத் திரும்பப் பைக்குள் வைத்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வெளியே பஸ் இல்லை. பக்கத்தில் டீ விற்றவர், அந்தக் கூட்டம் ஒரு பெரிய கோயிலுக்குப் போனதாகச் சொன்னார் என்று டீச்சர் மொழிபெயர்த்தாள். அவள் மொழிபெயர்ப்பை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆட்டோ பிடித்தோம். வழியெல்லாம் நெரிசல். ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் பூக்கடைக்காரி பழனி முருகனுக்கு ஒரு நேர்த்திக்கடன் வைத்துக்கொண்டே வந்தாள். கோயில் வாசலில் அந்த பஸ் நின்றது. ஏறி ஓடிப் பார்த்தோம். சேலத்து அம்மாக்கள் பஸ்ஸுக்குள் கட்டுச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலையை எண்ணினார்கள். அவர்கள் ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள்.

"எங்ககூட வர்லீங்களே கண்ணு. எறங்குனப்ப ஒரு அம்மா பின்னாலயே நின்னாங்க, அப்பறம் பாக்கலீங்க" என்றாள் என்னிடம் பேசிய அம்மா. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் கொடுத்தாள்.

அந்தக் கோயில் வாசலில் என் கைப்பைக்குள் அகரத்தக்காவின் போன் அடித்தது. சாயங்காலம் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்து அவள் வீட்டுக்காரர் கூப்பிடுகிற நேரம். எடுக்காமல் விட்டேன். நின்றது. திரும்ப அடித்தது. எடுத்தேன்.

"அவகிட்டக் குடும்மா."

"அண்ணே… அக்கா பாத்ரூம் போயிருக்காக. வந்ததும் பேசச் சொல்றேன்."

"சரிம்மா. செத்த நேரம் கழிச்சுக் கூப்பிடுறேன். குளுரா இருக்குமே, காதுல துணி கட்டிக்கிறச் சொல்லு."

போனை வைத்துவிட்டு நான் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறேன். அந்த ஊரில் அதட்டுவதற்குக்கூட என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. யாரிடம் போவது, என்னவென்று சொல்வது, அந்த மனிதர் மறுபடி கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது, ஒன்றும் தெரியவில்லை. பையனைப் பறிகொடுத்த ஊரிலேயே அவளையும் தொலைத்துவிட்டு வந்து நின்றால், அகரத்துக்குள் நான் எப்படிக் கால் வைப்பேன்? டீச்சர் அழுதாள். "பேசாம மைசூருக்குப் போயிருக்கலாம்" என்று அவள் சொன்னபோது, அவளை அறைந்துவிடலாம் என்று தோன்றியது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது.

பூக்கடைக்காரிதான் எழுந்தாள். "இங்கன உக்காந்து என்ன செய்ய? ரயிலடிக்கே போவம். ஆடு தொலைஞ்சாலும் தொலைஞ்ச எடத்துலதான மொதல்ல தேடுறம்?" என்றாள்.

திரும்பி வந்த ஆட்டோக்காரர் எங்களை ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கத்தில் இறக்கிவிட்டார். சாலையைக் கடக்க முடியாத அளவுக்கு வண்டிகள். அந்தப் பக்கமும் ஸ்டேஷனுக்கு ஒரு படிக்கட்டு இருந்தது. நாங்கள் முதலில் வெளியேறியது வேறு வாசல். சரி, எந்த வழியாகப் போனால் என்ன என்று இறங்கினோம்.

படிகள் முடிந்ததும் கதவு மெஷின்கள் வரிசையாக இருந்தன. அதற்கு அந்தப் பக்கம், உள்ளே, மஞ்சள் சேலையில் அகரத்தக்கா நின்றுகொண்டிருந்தாள்.

மெஷினை ஒட்டிய கண்ணாடித் தடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நாங்கள் இறங்கி வந்த அந்தப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைத் தேடி அல்ல. நாங்கள் கண்ணில் பட்ட பிறகும் அவள் பார்வை எங்களைத் தாண்டிப் படிகளுக்குப் போயிற்று. அவளுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி ஒன்று இருந்தது. அங்கே காவலுக்கு நின்ற பெண் எங்கள் சேலையைப் பார்த்ததும் இந்தியில் திட்ட ஆரம்பித்தாள். அவள் திட்டியதில் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் முழுக்க விளங்கியது.

"அக்கா! உசுரே போச்சுக்கா! அந்தச் சேலத்துக்காரிக பின்னால எதுக்கு எறங்குனீக?" என்று தடுப்புக்கு வெளியே நின்று கத்தினேன்.

"அவுக பின்னால எறங்கல தாயி."

"பின்ன?"

"அவன் எடம் வந்துச்சு, எறங்குனேன்."

எங்கள் மூவருக்கும் புரியவில்லை. அவள் அவசரப்படாமல் சொன்னாள். பையன் தினமும் வேலை முடிந்து ரயிலில் வரும்போதுதான் அவளுக்குப் போன் பண்ணுவானாம். சோறு தின்னாயா, மாடு பால் கறக்கிறதா என்று பேசிக்கொண்டே வருவானாம். பேச்சுக்குப் பின்னால் ரயிலில் அந்தப் பெண் குரல் கேட்டுக்கொண்டே இருக்குமாம். கடைசியாக இந்த ஸ்டேஷன் பெயரைச் சொல்லும். அப்புறம் ஒரு வரி. அதை அவள் அகரத்து வாயால் அப்படியே சொன்னாள்: "தருவாசே பாயி தரப்பு குலேங்கே."

இடது பக்கம் கதவு திறக்கும் என்று அர்த்தம் என்றாள் டீச்சர், மெதுவாக.

"என்னமோ. அதச் சொன்னதும் 'எறங்கப் போறேம்மா, வைக்கிறேன்'பான். ரெண்டு வருசம் தெனமும் கேட்டது. நேத்துப் போன ரயில்ல இந்தப் பேரு வரல. இன்னைக்கு வந்துச்சு."

இரண்டு நாளாக அவள் எதற்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள் பூக்கடைக்காரி.

"சொன்னா நீ பூ வெல கேப்ப" என்றாள் அகரத்தக்கா. குத்திக்காட்டுகிற தொனி இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

நாங்கள் மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். மூன்று வருஷம் அவளைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவளோ பேச ஆள் இல்லாமல் எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"மேல போகலாம்னுதான் வந்தேன். இந்தக் கதவு விடமாட்டேங்குது. எல்லாரும் சீட்டக் காட்டிட்டுப் போறாக. என் சீட்டு உங்கிட்டல்ல இருக்கு."

என் பையைத் திறந்தேன். நாலாவது சீட்டு ஓரத்தில் மடங்கிக் கிடந்தது. எடுத்துத் தடுப்புக்கு மேலாக நீட்டினேன். முதல் தடவையாக அதை அவள் கையில் கொடுத்தேன். அவளே மெஷினில் வைத்துப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. அந்தக் காவல்காரப் பெண் சீட்டை வாங்கிப் பார்த்து, யாரையோ கூப்பிட்டுப் பேசி, ஓரத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்து அவளை வெளியே விட்டாள்.

படிக்கட்டில் அவள் முன்னால் ஏறினாள். நாங்கள் பின்னால் போனோம். மேலே வந்தால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தள்ளுவண்டிகள், பாட்டரி ரிக்‌ஷாக்கள், தலைக்கு மேல் கொத்துக்கொத்தாகக் கரண்ட் ஒயர்கள். வேலை முடிந்து வருகிற பையன்கள் முதுகில் பையோடு எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் காதில் போனை வைத்திருந்தார்கள். வலது பக்கம் ஒரு சந்து போயிற்று, இடது பக்கம் இரண்டு போயின, எதிரே ஒரு பெரிய தெரு.

"எந்தப் பக்கம்க்கா?" என்று கேட்டேன். எங்கே என்றாலும் கூட்டிக்கொண்டு போவது என்று தீர்மானித்திருந்தேன்.

அவள் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். "தெரியாது" என்றாள். "இதுக்கு மேல அவன் போன்ல பேசுனதில்ல. வச்சிருவான்."

அவள் போன் அடித்தது. நான் எடுத்தேன். அவள் வீட்டுக்காரர்தான். எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "அண்ணே, தம்பி எறங்குற ஸ்டேஷன்ல நிக்கிறோம். அவன் தங்கியிருந்தது எந்தத் தெருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

அந்தப் பக்கம் மாடு கத்துவது மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "ஆசுபத்திரிக்கு மட்டுந்தாம்மா போனேன். ரூமுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு அவன்கூட இருந்த பயலுக கூப்பிட்டானுக. என்னால முடியலம்மா. பையக் கொண்டாந்து குடுத்துருங்கன்னுட்டேன். அந்தப் பயலுக நம்பருகூட வாங்கி வைக்கல."

போனை அகரத்தக்காவிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அவர் என்ன கேட்டாரோ தெரியாது. அவள் தெருவைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஆமாங்க. எறங்கிட்டேன். படியெல்லாம் ஏறிட்டேன். குளுரு ஒண்ணும் இல்ல. வைக்கிறேன்."

வைக்கிறேன் என்று சொன்னாளே தவிர, வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் நின்றுகொண்டே இருந்தாள். நாங்கள் மூவரும் அவளை இடிக்காமல் கூட்டம் விலகிப் போகிற மாதிரி அவளைச் சுற்றி நின்றுகொண்டோம்.